ரெண்டு பேரும் வந்துட்டாங்களா? – ஓர் ஈராசிரியர் பள்ளியும் அதன் பெற்றோரும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியில் உள்ள ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியைப் பற்றியது இந்த ஆய்வு. ஊர்ப் பெயரைச் சொன்னால் டீச்சர் யார், சமையல்காரம்மா யார், பிள்ளையை நிறுத்திய அப்பா யார் என்று சாயங்காலத்துக்குள் வட்டாரம் முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டு வகுப்பறை, ஒரு சமையல்கூடம், பக்கத்திலேயே அங்கன்வாடி, எதிரே ஊருணி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்துப் பிள்ளைகள் எண்ணிக்கை இருபதை ஒட்டி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் அங்கே ஐந்தாவது வரை படித்தவன். 2024இல் பள்ளி மேலாண்மைக் குழுவை மறுபடி அமைத்தபோது, முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து உறுப்பினர் எண்ணிக்கையை 24 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் நானும் போய் உட்கார்ந்தேன். அதற்கு முன்பும் தங்கை பிள்ளைகளை விடப் போகிற சாக்கில் வாசலில் நின்று கேட்டவைதான் இதில் பாதி.

கிராமத்து அரசுப் பள்ளியில் பிள்ளைகள் ஏன் குறைகிறார்கள் என்று கேட்டால் ஆங்கில மோகம், தனியார் பள்ளி வேன், தரம் என்று மூன்று பதில் தயாராக இருக்கும். முதல் இரண்டிலும் உண்மை இருக்கிறது. மூன்றாவதைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. எங்கள் ஊர்த் தாய்மார் யாரும் தரம் என்று பேசி நான் கேட்டதில்லை. காலையில் பிள்ளையை விட்டுவிட்டு நூறு நாள் வேலைக்கோ மிளகாய்க் கொல்லைக்கோ கிளம்பும்போது அவர்கள் கேட்பது ஒரே கேள்வி: ‘ரெண்டு பேரும் வந்துட்டாங்களா?’

அந்தக் கேள்விக்குள் ஒரு சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். பத்துப் பிள்ளை இருந்தாலும் இரண்டு, ஐம்பத்தெட்டு இருந்தாலும் இரண்டு. காகிதத்தில் பார்த்தால் சிறிய பள்ளிக்குச் சாதகமான ஏற்பாடு. பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் கணக்கு வந்தால் எந்தத் தனியார் பள்ளி கிட்டே நிற்க முடியும்? ஆனால் அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். எழுத்தர் கிடையாது, உதவியாளர் கிடையாது. குறுவள மையக் கூட்டம், வட்டாரக் கல்வி அலுவலகம், பயிற்சி, சத்துணவுக் கணக்கு, எமிஸ் எனும் கல்வித் துறைக் கணினிப் பதிவு, நலத்திட்டப் பொருளை இறக்கிக் கொண்டுவருவது, எல்லாமே அவர் தலையில். ஐந்நூறு பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் இருபது பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் நிரப்ப வேண்டிய படிவம் ஏறக்குறைய ஒன்றுதான். அங்கே ஒருவர் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே ஒருவர் போனால் பாதிப் பள்ளிக்கூடம் போய்விடுகிறது. அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒரே அறையில் இருக்கும். இன்னொருவருக்கும் காய்ச்சல் என்றால் அங்கன்வாடி ஆயா வந்து பார்த்துக்கொள்வார்.

தலைமையாசிரியர் பரமக்குடியிலிருந்து பேருந்தில் வருகிறவர். வராமல் இருப்பவர் என்று அவரை யாரும் குறை சொன்னதில்லை. குறை அவர்மேல் இல்லை என்பது பெற்றோருக்கே தெரியும். ‘பாவம், சார் என்ன செய்வாரு, ஆபீஸ்ல கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா’ என்று சொல்லிக்கொண்டே மறு வருடம் பிள்ளையை வேனில் ஏற்றியவர்கள் இருக்கிறார்கள்.

கசிவு தொடங்கும் இடம்

பள்ளியை விட்டு நடுவில் விலகுகிறவர்கள் குறைவு. பெரும்பாலோர் வருவதற்கு முன்பே போய்விடுகிறார்கள். தனியார் பள்ளி எல்கேஜியில் மூன்றரை வயதில் பிடித்துக்கொள்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளி ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்பில்தான் சேர்க்கும். நடுவில் அங்கன்வாடி. அரசு 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது. அவை நடுநிலைப் பள்ளி வளாகத்தில் இருக்கும் அங்கன்வாடிகள். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு அது வரவில்லை. 2022 ஜூனில் அந்த வகுப்புகளையே மூடப் போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்புக் கிளம்பி, பிறகு தொடரும் என்று அரசு அறிவித்தது. அந்த ஒரு வாரத்தில், பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளியில் யுகேஜி சேர்க்கலாம் என்று இருந்த இரண்டு குடும்பம் வேனுக்கு முன்பணம் கட்டிவிட்டது. அறிவிப்பை அரசு திரும்பப் பெறலாம், கட்டிய முன்பணம் திரும்புமா?

எல்கேஜியில் போன பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு இங்கே வருமா என்றால், வராது. அதற்குள் அந்தப் பிள்ளைக்கு அங்கே கூட்டாளிகள் வந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். சிறிய பள்ளியின் பெற்றோருக்கு இது பெரிய விஷயம். ஒரு வருடம் நான்காம் வகுப்பில் ஒரே ஒரு பெண் பிள்ளை. படிப்பில் கெட்டி, டீச்சருக்குச் செல்லம். ஆனால் சேர்ந்து விளையாட, சண்டை போட, சடை பின்னிவிட வயதொத்த ஆள் இல்லை. அம்மாவுக்கு ஆசிரியர்மேல் எந்த வருத்தமும் கிடையாது. ‘எம்பிள்ளை ஒத்தையில நிக்குது அக்கா’ என்பதுதான் அவர் மாற்றுச் சான்றிதழ் கேட்டதற்குக் காரணம். அந்தப் பெண் போனதும் மூன்றாம் வகுப்பில் இருந்த அவள் சித்தி மகளும் போனாள். இப்படித்தான் ஒரு வருடத்தில் நான்கைந்து பேர் குறைகிறார்கள். அந்த எண்ணிக்கையை ஆகஸ்ட் 1 நிலவரம் என்று எடுத்து ஆசிரியர் பணியிடத்தைக் கணக்கிடுகிறார்கள்.

வேன் பற்றி ஒரு வார்த்தை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு இடஒதுக்கீட்டில் தனியார் பள்ளிக்கு இலவசமாகப் போய்விடுகிறார்கள் என்று வெளியூரில் பேசுகிறார்கள். தமிழ்நாட்டில் அதற்கு வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு அருகில் அப்படி ஒரு பள்ளியே கிடையாது. வேனில் போகும் பிள்ளைகள் முழுக் கட்டணம் கட்டித்தான் போகிறார்கள். அப்பா சவூதியிலோ சென்னை மிட்டாய்க் கடையிலோ திருப்பூர் பனியன் கம்பெனியிலோ இருப்பார். அனுப்பும் பணத்தில் முதல் செலவு வட்டி, இரண்டாவது வேன். தூரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் பிள்ளைக்குச் செய்வதாகக் காட்டிக்கொள்ள வேறு வழியும் இல்லை. வீடியோ காலில் டையும் ஷூவும் தெரிய வேண்டும்.

ஆறாம் வகுப்பிலிருந்து எண்ணும் சலுகை

இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. குழுக் கூட்டத்தில் ஒரு தாய் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2020இல் வந்தது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி மாணவிக்கு மாதம் 1,000 ரூபாய் 2022 முதல். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024இல். மூன்றுக்கும் பொதுவான நிபந்தனை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. கணக்குத் தெரிந்த குடும்பம் என்ன செய்யும்? ‘அஞ்சாவது வரைக்கும் பிரைவேட்ல படிக்கட்டும். ஆறாவதுல கவர்மெண்ட்ல போட்டுக்குவோம்.’ திட்டங்கள் எல்லாம் நல்லவையே. ஆனால் அவை மேல்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்தன, தொடக்கப் பள்ளிக்கு ஒரு பிள்ளையையும் கொண்டுவரவில்லை. எங்கள் ஊரிலிருந்து வேனில் போன பிள்ளைகளில் கணிசமானவர்கள் ஆறாவதில் அரசுப் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அங்கே தலைமையாசிரியர் சேர்க்கை உயர்ந்தது என்று பேனர் வைக்கிறார். இங்கே பணியிடம் ஆடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில் ஒரே ஒரு சட்டம் இழுக்கிறது. அரசுப் பணியில் தமிழ் வழியில் படித்தோருக்கான 20 விழுக்காடு முன்னுரிமை. 2020இல் திருத்திய பிறகு அது ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழி என்கிறது. டிஎன்பிஎஸ்சிக்குப் படித்து அலுத்துப்போன அண்ணன்கள் இருக்கும் வீட்டில்தான் இது தெரிகிறது. தெரிந்த வீடு இரண்டு, பிள்ளையை இங்கேயே வைத்திருக்கிறது.

அதிலும் ஒரு வேடிக்கை. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவு வந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் பள்ளியிலும் சேர்க்கையைக் கூட்ட ஆங்கில வழி தொடங்கினார்கள். இரண்டே ஆசிரியர் இருக்கும் பள்ளியில் ஆங்கில வழி என்றால் என்ன? அதே அறை, அதே பெஞ்சு, அதே டீச்சர், கையில் மட்டும் வேறு புத்தகம். டீச்சர் தமிழில்தான் சொல்லித்தருகிறார், வேறு எப்படிச் சொல்ல முடியும்? ஆனால் எமிஸில் அந்தப் பிள்ளை ஆங்கில வழி. பதினைந்து வருடம் கழித்துத் தமிழ் வழிச் சான்றிதழ் கேட்டுப் போனால் கிடைக்காது. சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடும்போது இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இப்போது குழுவில் நாங்கள் சொல்கிறோம். கேட்டுவிட்டும் சிலர் ஆங்கிலத்திலேயே டிக் போடுகிறார்கள். அது அவர்கள் விருப்பம்.

கொரோனாவில் திரும்பியவர்கள்

2021இல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிச் சேர்க்கை கூடியது. எங்கள் பள்ளியிலும் கூடியது. வேலை போய் ஊர் திரும்பியவர்கள், கட்டணம் கட்ட முடியாதவர்கள் பிள்ளைகளை நடத்திக் கூட்டிவந்தார்கள். அங்கேதான் சிக்கல். பழைய பாக்கியைக் கட்டினால்தான் மாற்றுச் சான்றிதழ் என்று தனியார் பள்ளி நின்றது. சான்றிதழ் இல்லாவிட்டாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. தலைமையாசிரியர் சட்டப்படி சேர்த்துக்கொண்டார். ஆனால் எமிஸில் பிள்ளையைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளியால் எடுக்க முடியும். அவர்கள் விடவில்லை. பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது, கணினியில் இல்லை. கணினியில் இல்லாத பிள்ளைக்குச் சீருடை இல்லை, புத்தகப் பை இல்லை, எண்ணிக்கையிலும் இல்லை.

ஒரு தாத்தா அந்தத் தனியார் பள்ளி வாசலில் போய் நின்ற கதையை ஊரில் இன்றும் சொல்வார்கள். கடைசியில் ஆடு விற்றுப் பாக்கியைக் கட்டித்தான் விடுவித்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2024 ஜூலையில், கட்டணம் வசூலிக்கும் கருவியாக மாற்றுச் சான்றிதழைப் பயன்படுத்தக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் அந்தப் பேரனும் ஐந்தாவதை முடித்துவிட்டான்.

திரும்பி வந்தவர்களில் பாதிக்கு மேல் இரண்டு வருடத்தில் மறுபடி போய்விட்டார்கள். ஏன் என்பது அடுத்த பகுதி.

ஒரு நாற்காலி காலியான வருடம்

2022 தொடக்கத்தில், எங்கள் பள்ளியின் இரண்டாவது ஆசிரியரான இடைநிலை ஆசிரியர் பொது மாறுதல் கலந்தாய்வில் மதுரைப் பக்கம் போனார். நியாயமான மாறுதல், அவருக்கும் வயதான பெற்றோர் இருந்தார்கள். அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. இடைநிலை ஆசிரியர் நியமனமே பல வருடமாக நின்றுபோயிருந்த காலம் அது. போட்டித் தேர்வு 2024 ஜூலையில்தான் நடந்தது. அதில் தேர்வானவர்கள் பணிக்கு வந்தது 2025 ஜூலையில். நடுவே வட்டாரத்தில் உபரி ஆசிரியர் உள்ள பள்ளியிலிருந்து ஒருவரை மாற்றுப்பணியில் அனுப்பினார்கள். வாரம் மூன்று நாள் வருவார். அவரைச் சொந்தப் பள்ளி கேட்டால் திரும்பிப் போய்விடுவார்.

அந்த வருடம்தான் பள்ளி மேலாண்மைக் குழு உண்மையாகவே கூடத் தொடங்கியது. அதுவரை குழு என்றால் தீர்மான நோட்டில் கையெழுத்து. 2022 மார்ச் 20இல் மாநிலம் முழுக்கப் பெற்றோர் கூட்டம் நடத்தி, பிறகு குழுவை மறுகட்டமைத்தார்கள். உறுப்பினரில் முக்கால்வாசி பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், தலைவர் ஒரு தாய். எங்கள் பள்ளித் தலைவர் கரிமூட்டத்துக்கு விறகு வெட்டப் போகிற பெண். முதல் கூட்டத்தில் நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். மூன்றாவது கூட்டத்தில் வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு எழுதச் சொன்னார்.

2022 ஜூலையில் அரசு ஒரு வழியைத் திறந்தது. காலியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரைப் பள்ளி மேலாண்மைக் குழுவே நியமித்துக்கொள்ளலாம். இடைநிலை ஆசிரியருக்கு முதலில் மாதம் 7,500 ரூபாய் என்றார்கள், பிறகு 12,000 ஆக்கினார்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களுக்கும் முன்னுரிமை. வழக்கு, இடைக்காலத் தடை என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ஒரு சுற்று நடந்தது. எல்லாம் தெளிந்து ஆள் எடுக்கும்போது பருவம் பாதி போய்விட்டது.

அந்தத் தேர்வில் பெற்றோர் நடந்துகொண்ட விதத்தைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பித்தவர்களில் ஒருவர் நன்றாகப் படித்தவர், நகரத்திலிருந்து வருவார். இன்னொருவர் பக்கத்து ஊர் மருமகள், இல்லம் தேடிக் கல்வியில் சாயங்காலம் பாடம் எடுத்தவர். தகுதி இருவருக்கும் இருந்தது. மதிப்பெண் முதலாமவருக்குக் கூட. பெற்றோர் இரண்டாமவரைத்தான் கேட்டார்கள். ‘மழை பேஞ்சா பஸ் வராது. இந்தப் பொண்ணு நடந்தாச்சும் வந்துரும்.’ வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது தரத்தைக் கைவிட்டதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் ஆள் இருப்பதுதான் அங்கே தரத்தின் முதல் படி, அதை அவர்கள் தங்கள் அனுபவத்தில் கற்றிருந்தார்கள். அந்தப் பெண் வந்த மறுமாதமே, ‘ரெண்டு பேரும் வந்துட்டாங்களா’ என்று கேட்பது குறைந்தது.

ஆனால் 12,000 ரூபாய்க்கு வேலை செய்கிறவருக்குக் கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது, அடுத்த வருடம் வேலை உண்டா என்பதும் தெரியாது. நிரந்தர ஆசிரியர் வந்ததும் அவர் போக வேண்டும். 2025இல் அதுதான் நடந்தது. முறைப்படி சரி. புதிதாக வந்தவரும் நல்லவர், இளைஞர். பெற்றோருக்கு மட்டும் இரண்டு மனசு. ‘வந்தவரு எத்தனை நாளைக்கு இருப்பாரு?’

காலை எட்டேகாலுக்குப் பிறகு

பள்ளியை உண்மையில் தாங்கிப் பிடித்தது சமையல்கூடம் என்று சொன்னால் மிகையில்லை. மதிய உணவு காமராசர் காலத்திலிருந்து உண்டு, 1982இல் எம்ஜிஆர் சத்துணவாக்கிய பிறகு ஊருக்கு ஊர் நிலைத்தது. ஆனால் தாய்மாரின் நேரத்தை மாற்றியது காலை உணவு. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் 1,545 பள்ளிகளுக்குத் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரித்தார்கள். அப்போதுதான் எங்களுக்கு வந்தது.

நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு 2023இலிருந்து செல்போன் செயலியில். வேலையிடத்தில் நின்று காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். நேரம் தவறினால் அன்றைக் கூலி போச்சு. பிள்ளைக்கு ஆக்கிப் போட்டுவிட்டுப் போக நேரம் இல்லாத தாய், எட்டேகாலுக்குப் பள்ளியில் விட்டால் பிள்ளை சாப்பிட்டுவிடும் என்றதும் மூச்சு விட்டார். வேனில் போகும் பிள்ளைக்கு இது கிடையாது. ஏழரைக்கு வேன் வரும், அதற்குள் வீட்டில் எல்லாம் ஆக வேண்டும். எங்கள் ஊரில் 2023க்குப் பிறகு வேனிலிருந்து திரும்பி வந்த சில பிள்ளைகளுக்கும் இதுவே காரணம். கல்வியாளர்கள் இதைச் சோற்றுக்காக வருவது என்று முகம் சுளிக்கலாம். கூலி வேலைக்குப் போகிற வீட்டின் காலை நேரத்தை அவர்கள் பார்த்ததில்லை.

காலை உணவு சமைப்பவர் மகளிர் குழுவைச் சேர்ந்தவராக, அதே ஊராட்சியில் வசிப்பவராக, அவர் பிள்ளை அதே பள்ளியில் படிப்பதாக இருக்க வேண்டும் என்பது விதி. இதை வகுத்தவர் யாரோ, புத்திசாலி. சமைப்பவரே பெற்றோராக இருப்பதால் பருப்பு குறைந்தால் முதலில் சத்தம் போடுவதும் அவர்தான், ‘டீச்சர் இன்னிக்கு லீவு’ என்ற தகவல் ஊருக்குப் போவதும் அவர் வழியாகத்தான்.

சாதியைச் சொல்லாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. 2023இல் சமைப்பவரின் சாதியைக் காரணம் காட்டிப் பிள்ளைகளைக் காலை உணவு உண்ண விடாத செய்திகள் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்தன. எங்கள் ஊர் அதற்கு விலக்கா? செய்தியில் வரவில்லை, அவ்வளவுதான். சமைப்பவர் காலனியைச் சேர்ந்தவர். ஊர்த் தெருவிலிருந்து மூன்று நான்கு பிள்ளைகள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். யாரும் சாதி என்று சொல்லவில்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். தலைமையாசிரியர் வாதாடப் போகவில்லை. தினமும் முதல் தட்டைத் தானே வாங்கிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அடுத்த பருவத்தில் ஒரு வீட்டைத் தவிர மற்ற பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அந்த ஒரு வீடு பிள்ளையை வேனில் ஏற்றியது.

வேனின் வரலாற்றையும் இந்தக் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் முதலில் வேனில் ஏறியவர்கள் ஊர்த் தெரு வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் போகப் போக மிச்சம் இருந்தவர்களில் காலனிப் பிள்ளைகள் அதிகமானார்கள். பிறகு அது ‘அவங்க பள்ளிக்கூடம்’ ஆனது. ஆங்கிலம் என்று வெளியே சொல்லும் காரணத்துக்குப் பின்னால் இதுவும் இருந்தது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டத்தில் யாரும் பேச மாட்டார்கள்.

இருந்தவர்கள் பெற்றது

நிலைத்து நின்ற பெற்றோர் சொல்வதைக் கேட்டால் சிறிய பள்ளியின் இன்னொரு முகம் தெரியும். ஒரு பையன் இரண்டாம் வகுப்பு வரை மந்தம் என்று பெயர் வாங்கியவன். தனியார் பள்ளியில் கடைசி பெஞ்சு, வீட்டில் அடி. இங்கே வந்த சில வாரத்தில், கூப்பிட்டால் ஒரு பக்கமே திரும்புகிறான் என்று தற்காலிக ஆசிரியை கவனித்தார். வட்டார வள மையச் சிறப்பாசிரியரிடம் சொல்லி, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான மருத்துவ முகாமுக்கு அனுப்பினார்கள். ஒரு காதில் கேட்கும் திறன் மிகக் குறைவு. காது கேட்கும் கருவி வந்தது, முன் வரிசையில் வலப்பக்கம் அவனுக்கு இடம். இருபது பிள்ளை உள்ள அறையில்தான் இது கண்ணில் படும் என்று அவன் அம்மா நம்புகிறார். நானும் அதை நம்புகிறேன்.

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் வந்தபோது, கொரோனாவில் படிப்பை விட்ட பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னார்கள். பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு, வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது பெரிய பள்ளிகளுக்குப் புதிது. ஈராசிரியர் பள்ளிக்கு அது பழைய பழக்கம். மூன்றாவது பிள்ளை ஒன்றாவது பிள்ளைக்கு எழுத்துக் காட்டித்தருவது அங்கே என்றைக்கும் உண்டு. ஆனால் பெற்றோருக்கு முதலில் இது பிடிக்கவில்லை. பாட்டும் அட்டையும் ஆட்டமுமாக இருக்கிறது, வீட்டுப்பாடம் எங்கே என்றார்கள். வேன் பிள்ளை நோட்டு நிறைய எழுதிக்கொண்டு வருகிறது அல்லவா. பருவ முடிவில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் காட்டியபோதுதான் பேச்சு மாறியது. வந்தவர்களில் பெரும்பாலோர் அப்பத்தாக்களும் அம்மாச்சிகளும். அப்பா வெளிநாட்டில், அம்மா வேலையில். பேத்தி ரேஷன் கடைப் பலகையை வாசித்துக் காட்டினாள் என்பது அவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைவிடத் தெளிவான சான்று.

மிளகாய் பறிக்கும் மாசி, பங்குனியில் வருகை குறையும். அது இன்றும் குறைகிறது. முன்பு பிள்ளையும் கொல்லைக்குப் போகும், இப்போது சாப்பாட்டுக்காவது பள்ளிக்கு வந்துவிட்டுப் போகிறது. பெரிய முன்னேற்றம் என்று சொல்ல மாட்டேன்.

குழுவின் கையில் இல்லாதவை

கழிப்பறை. கட்டடம் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சுத்தம் செய்ய ஆள் நிலையாக இல்லை. மிகச் சொற்பத் தொகைக்கு யாரும் தொடர்ந்து வருவதில்லை. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் ஆண்டு மானியம் 10,000 ரூபாய். அதில் சாக்பீஸும் துடைப்பமும் பழுதுபார்ப்பும் அடங்க வேண்டும். 2024–25க்கு மாநிலத்துக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்த சண்டையை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். எங்கள் குழுவில் அது பினாயில் வாங்கப் பணம் இருக்கிறதா என்ற பேச்சாக வந்து சேர்ந்தது.

பிறகு வெளிவேலை. 2025 நவம்பர் 4இல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ஆசிரியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாக அலைந்தார்கள். எங்கள் ஊரில் அந்தப் பொறுப்பு அங்கன்வாடிப் பணியாளர்மேல் விழுந்தது. சின்னப் பிள்ளைகளும் ஒன்றாம் வகுப்போடு வந்து உட்கார்ந்தன. அதே வருடம் செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. தலைமையாசிரியரும் அதில் வருகிறார். இடைவேளையில் அவர் உளவியல் புத்தகத்தைப் புரட்டுவதைப் பார்த்த ஒரு பாட்டி, ‘சாருக்கும் பரீட்சையா?’ என்று பிள்ளைகளிடம் விசாரித்தாராம்.

மூடல் பயமும் இருக்கிறது. 2019இல் பிள்ளைகளே இல்லாத 46 அரசுப் பள்ளிகளை நூலகமாக்க அரசு முடிவெடுத்தது. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அப்படி மாற்றிய ஒரு பள்ளியை, பெற்றோர் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்ததால் சில நாளில் மறுபடி திறந்தார்கள். எங்கள் ஊரில் இந்தக் கதையை எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு. ‘மூடினாலும் திறந்துக்கலாம்’ என்று வேன் வீட்டுக்காரர்களும், ‘மூடுற வரைக்கும் விடக் கூடாது’ என்று குழுத் தலைவரும் சொல்கிறார்கள்.

கடந்த ஏப்ரலில் குழு ஒரு வேலை செய்தது. அங்கன்வாடியில் ஐந்து வயது ஆகும் பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, வேன்காரர் வீடு தேடி வருவதற்கு முன் தலைவரும் சமையல் செய்பவரும் அந்த வீடுகளுக்குப் போனார்கள். ஆசிரியர்களைக் கூட்டிப் போகவில்லை. ஆசிரியர் வந்தால் மரியாதைக்குச் சரி என்பார்கள், பெற்றோர் போனால்தான் உண்மையான தயக்கத்தைச் சொல்வார்கள் என்பது தலைவரின் கணக்கு. அந்த வீடுகளில் ஆங்கிலத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலோர் கேட்டது இரண்டு: கூடப் படிக்க எத்தனை பிள்ளை இருக்கும், புது டீச்சர் அடுத்த கலந்தாய்வில் போய்விடுவாரா. முதல் கேள்விக்காக, ஒரே தெருவின் மூன்று குடும்பங்களைச் சேர்ந்தே பேசிச் சேர்ந்தே சேர்த்தார்கள். தனித்தனியாகப் பேசியிருந்தால் ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள் என்று தலைவர் சொல்கிறார். இரண்டாவது கேள்விக்குக் குழுவிடம் பதில் இல்லை. ஈராசிரியர் பள்ளியில் ஒருவருக்கு மாறுதல் கொடுத்தால் மாற்று ஆள் வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விடுவிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம் போட்டு, பெற்றோர் செயலியிலும் ஏற்றி, வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறோம்.

இப்போது பேச்சு ஆறாம் வகுப்பைப் பற்றி. ஐந்தாவதை முடிக்கும் பிள்ளைகள் போக வேண்டிய உயர்நிலைப் பள்ளிக்கு நகரப் பேருந்து எட்டு மணிக்கு ஒன்று, அதை விட்டால் பத்தரைக்கு. சாயங்காலம் பள்ளி விட்டுப் பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகுதான் வீடு சேர்கிறார்கள். எட்டு மணிப் பேருந்தை எட்டே முக்காலுக்கும், மாலைப் பேருந்தை நான்கரைக்கும் மாற்றக் கேட்டுப் போக்குவரத்துக் கழகப் பணிமனைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். நகலில் முத்திரை வாங்கியாகிவிட்டது. அடுத்த குழுக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள்.